ஏழு பவுண்டு மூன்று அவுன்ஸ்

கிளைவ் மர்ஃபிட் நாற்பது வருடம் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவன். ஆனால் ரொட்டி தின்ன மாட்டான். ரொட்டி மீனுக்குத்தான் என்பது அவன் கட்சி. வெள்ளை ரொட்டியின் நடுவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, தூண்டில் முள்ளில் மடித்து, மேல் பக்கம் மட்டும் அழுத்துவான். கீழ்ப் பக்கம் பஞ்சு மாதிரி தொங்க வேண்டும். நான் செய்தால் முழுக்க அழுத்திவிடுவேன். "என்னடா இது, ஜன்னல் கண்ணாடிக்கு மக்குப் பசை வைக்கவா?" என்று கேட்பான். முப்பது வருடமாக அதே கேள்வி.

அவன் தேடியது சப். தடித்த உதடும் அகன்ற வாயும் உள்ள ஆற்று மீன். எதையும் தின்னும், யாரையும் நம்பாது. சமைத்தால் வாய் நிறைய முள்தான் மிஞ்சும், அதனால் யாரும் சமைப்பதில்லை. பிடித்து, எடை போட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஆற்றில் விட்டுவிடுவோம். இதற்காக ஜனவரிக் குளிரில் ஊஸ் ஆற்றங்கரையில் நாள் முழுக்க உட்காருகிற ஆட்கள் நாங்கள். எங்களைப் பற்றி வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுத இங்கே இடம் போதாது.

கிளைவ் கொஞ்சம் கூடுதல். அவன் கல்யாணமே ஏப்ரலில்தான் நடந்தது, ஆற்றில் தூண்டில் போடத் தடை உள்ள மாதங்களில். மணப்பெண் லொரேனின் அம்மா ஜூலையில் வைக்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. மகள் பிறந்தது பிப்ரவரியில். ஆஸ்பத்திரிக்கு முழங்கால் வரை பூட்ஸும் சேறுமாக வந்து நின்றான், நர்ஸ் உள்ளே விடவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பாவில் நாறிப்போன நீலப் பாலாடைக்கட்டியை மாவோடு பிசைந்து வைத்திருப்பான். அதுவும் மீனுக்குத்தான். லொரேன் அந்த டப்பாவைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்வாள்.

அவனுடைய பெரிய மீன் ஆறு பவுண்டு பதினைந்து அவுன்ஸ். பதினாறு அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு, ஆக ஏழுக்கு ஒரே ஒரு அவுன்ஸ் குறைவு. இரண்டு கரண்டி சர்க்கரை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பிடித்தது, கரையில் வேறு ஆள் கிடையாது. ஏழு என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. மூன்று தடவை எடை போட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் தூண்டில் சங்கத்தில் வந்து ஆறு பதினைந்து என்றான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். சாவதற்குள் ஒரு ஏழு.

எடை விஷயத்தில் அவன் போலீஸ்காரன். மீனை ஒரு வலைப் பையில் இட்டுத் தராசில் தொங்கவிடுவோம். அதற்கு முன்னால் வெறும் பையை ஆற்றில் முக்கி, ஈரத்தோடு தராசில் மாட்டி, ஊசியைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பையின் எடையும் மீனோடு சேர்ந்துவிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் எனக்கு ஒரு சப் மாட்டியது. ஆறு பவுண்டு ஒரு அவுன்ஸ். வாழ்க்கையில் என் முதல் ஆறு. மீனை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். கிளைவ் கைகுலுக்க வரவில்லை.

"ஊசியை பூஜ்யத்துல வச்சப்போ பை ஈரமா, காஞ்சதா?" என்று கேட்டான்.

"என்ன?"

"பையை நனைச்சியாடா?"

நான் நனைக்கவில்லை. அவன் ஈரப் பையை எடுத்துத் தராசில் மாட்டினான். பை குடித்திருந்த தண்ணீர் மட்டும் மூன்று அவுன்ஸ்.

"அப்போ அஞ்சு பதினாலு," என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அவனோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனேன். அவன் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம். இன்று வரை எனக்கு ஆறு பவுண்டு மீன் கிடைக்கவில்லை. என் பெரிய மீன் அந்த அஞ்சு பதினாலுதான். என் பெயர் நெவில், இந்தக் கதையில் என்னைப் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவே.

இந்த வருடம் ஜனவரி கடைசி வியாழன். நாலு நாள் உறைபனி அடித்து, புதன்கிழமை காற்று மாறியது. ஆறு கலங்கல் தெளிந்து லேசான டீ நிறத்தில் ஓடியது. கிளைவ் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான்.

"அஞ்சரை டிகிரி. இன்னைக்குத் தின்னும்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரம் உன் ரொட்டியப் பாத்துட்டு ஓடிப்போச்சு."

கிளைகள் தண்ணீரில் படிந்து, சருகும் குப்பையும் மிதவை போலச் சேர்ந்திருந்த வில்லோ மரத்தடியில் அவன் உட்கார்ந்தான். நான் நாற்பது கெஜம் கீழே, வளைவில். காலையிலிருந்து இடது கை வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னான், நாற்காலியைத் தூக்கி வந்ததால் இருக்கும் என்றும் அவனே சொன்னான். "கிழவா, அடுத்த வருஷம் உன்னையும் சேத்து நான் தூக்கிட்டு வரணும் போல," என்று சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்றரை மணி இருக்கும். என் பன்றி இறைச்சி பஃப்ஸின் கடைசித் துண்டை ஒரு சிட்டுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நெவில்! வலை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளைவ் வலைக்கு ஆள் கூப்பிடுகிறவன் இல்லை. தன் மீனைத் தானே கைவலையில் அள்ளுவான். ஓடினேன். தூண்டில் கம்பு வில்லாக வளைந்து நின்றது, அதன் பின்னால் கிளைவ் சேற்றில் மண்டியிட்டிருந்தான். முகம் பிசைந்த மாவின் நிறம். அந்தக் குளிரில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"என்னடா ஆச்சு?"

"நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"கம்பைக் குடு! குடுடா இங்க!"

"தொடாதே."

"கிளைவ், உனக்கு—"

"தொட்டே, ஆத்துல தள்ளிடுவேன்."

வலையை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் கம்பில் இன்னொருவன் கை பட்டால் அந்த மீன் உங்களுடையது இல்லை. அப்படித்தான் இங்கே. எழுதி வைத்த சட்டம் கிடையாது, மீறியவனை நான் பார்த்ததும் கிடையாது. ஒரு கையில் வலை, மறு கையில் கைபேசி. என் விரல் எதை அழுத்துகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. எப்படியோ அவசர எண்ணில் ஒரு பெண் பேசினாள்.

"நோயாளி நினைவோட இருக்காரா சார்?"

"இருக்கான்."

"இப்ப என்ன பண்றார்?"

"மீன் பிடிச்சுட்டிருக்கான்."

"சார், விளையாடுறீங்களா?"

"இல்லம்மா! நெஞ்சு வலியோட மீன் பிடிச்சுட்டிருக்கான். கம்பை விடமாட்டேங்கிறான்."

"நீங்க வாங்கிடுங்க சார்."

"ஆத்துல தள்ளிடுவேங்கிறான்மா."

இடத்தைச் சொன்னேன். பழைய மாவு மில்லுக்குக் கீழே மூன்றாவது வயல், வாசலில் சங்கத்துப் பூட்டு. பூட்டின் எண் எனக்கு மறந்துபோய்விட்டது. கிளைவ்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான்: "நாலு நாலு ஒம்பது ரெண்டு!" அந்த நேரத்தில் மீன் மர வேரை நோக்கிப் பாய்ந்தது. அவன் கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, தண்ணீருக்கு ஒட்டினாற்போல் இழுத்து அதைத் திருப்பினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் உயிருக்காக அழுதேனா, அந்த லாவகத்தைப் பார்த்து அழுதேனா, சத்தியமாகத் தெரியாது.

ஆஸ்பிரின் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். லொரேன் போன மாதம் அவன் பெட்டியில் ஒரு அட்டை போட்டு வைத்திருந்தாள். ஈயக் குண்டுகளுக்கு நடுவே கிடந்தது. வாயில் போட்டேன், மென்றான், ரீலைச் சுற்றிக்கொண்டே.

பிறகு மீன் மேலே வந்தது. வலையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வலையின் விளிம்பில் தலை, மறு விளிம்பில் வால். பித்தளைச் செதில்கள். கிளைவ் கம்பைத் தானே புல்லில் கிடத்திவிட்டு அப்படியே சாய்ந்தான். மீனைக் கிடத்தி முள் எடுப்பதற்காக விரித்திருந்த பஞ்சு மெத்தையில் அவன் தலையைத் தூக்கி வைத்தேன். மீன் வலையோடு தண்ணீரில் காத்திருந்தது.

"எடை போடு," என்றான்.

"வாயை மூடுடா."

"நெவில். எடை போடு."

"நீ செத்துட்டிருக்க, மடையா!"

"அதான் சீக்கிரம் போடுங்கிறேன்."

கைபேசி புல்லில் கிடந்தபடியே பேசியது. "அவர் பதட்டப்படக் கூடாது சார். அமைதியா வச்சுக்க எது வேணுமோ அதைச் செய்யுங்க."

"அந்தம்மாவே சொல்லுது பாரு," என்றான் கிளைவ்.

மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினேன். பையை உதறித் தராசில் மாட்டினேன். மீனை உள்ளே இட்டு, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். ஊசி துடித்தது, ஏறியது, நின்றது.

"ஏழு மூணு!" என்று கத்தினேன். "ஏழு பவுண்டு மூணு அவுன்ஸ்டா! ஏழு!"

அவன் மெத்தையில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். தராசைப் பார்த்தான். மறுபடி என்னை நெடுநேரம் பார்த்தான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

"சரி," என்றான். கண்ணை மூடிக்கொண்டான். "விட்டுடு. மெதுவா விடு."

ஓட்டத்துக்கு எதிராக மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வாலை ஒரு தடவை அசைத்துவிட்டுப் போயிற்று. திரும்பிப் பார்த்தால், ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் சேற்று வயலில் வழுக்கி வழுக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், கிளைவின் தலைக்குக் கீழே கையை விட்டவள், வழவழப்பை உணர்ந்து கையை முகர்ந்து பார்த்தாள்.

"இது என்ன மெத்தை சார்?"

"மீனோடது," என்றேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே காரில் போவதாகச் சொல்லிவிட்டு, லொரேனுக்குப் போன் செய்தேன். அவள் மூச்சு விடாமல் கேட்டுவிட்டு, "உயிரோட இருக்காரா?" என்றாள். இருக்கிறான், ஏழு மூணு பிடித்துவிட்டான் என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவன் சாமான்களை அள்ளினேன். நாற்காலி, கம்பு, வலை. தராசைத் தூக்கினேன். வெறும் பை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது, ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊசியைப் பார்த்தேன்.

ஊசி ஆறு அவுன்ஸில் நின்றது.

பையை நனைக்கவில்லை. ஊசியைத் திருகவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தேன், மாட்டினேன், மீனைப் போட்டேன். ஏழு மூன்றில் ஆறு அவுன்ஸ் பை. விரல் விட்டு எண்ணினேன், மறுபடி எண்ணினேன். ஆறு பவுண்டு பதிமூன்று. ஏழு இல்லை. அவனுடைய பழைய மீன் அளவுக்குக்கூட இல்லை. பேயறைந்த மாதிரி சேற்றில் நின்றேன். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தப்புச் செய்து அவன் மேல் அவ்வளவு கோபப்பட்டேனே, அதே தப்பை, அதைவிடக் கேவலமாக, அவன் சாகக் கிடக்கும்போது செய்திருக்கிறேன்.

அன்று மாலையே மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். சனிக்கிழமை மதியம் பார்க்கப் போவதற்குள் ஏழு மூணு ஊர் பூராவும் பரவிவிட்டது. தூண்டில் கடைக்காரர் பலகையில் எழுதி வைத்துவிட்டார். அதைச் சொன்னவன் நான்தான், பை விஷயம் தெரிவதற்கு முன்னால் லொரேனிடம் வாயைத் திறந்தேன். தெரிந்த பிறகும் மூடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இதை என்னோடு புதைத்துவிடுவது. உயிரைப் பணயம் வைத்து ஒருவன் பிடித்ததை ஆறு அவுன்ஸ் ஈரத்துக்காக யார் பிடுங்குவது? நானா? முடியாது.

வார்டில் நுழைந்தால் ஒரு நர்ஸ், "நீங்கதான் ஏழு மூணு எடை போட்டவரா?" என்று கேட்டாள். லொரேன் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். முப்பத்தெட்டு வருடம் அந்த டப்பாவைக் கையுறையோடு தொட்டவள், கிளைவ் மீன் எடைகளைக் குறித்து வைக்கும் நோட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதில் தன் கையாலேயே சிவப்பு மையில் 7-3 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போனாள்.

கிளைவ் அவள் போகும்வரை காத்திருந்தான்.

"பையை நனைச்சியா?" என்றான்.

நெஞ்சு நின்றுவிடும் போலிருந்தது, பக்கத்திலேயே கட்டில் இருந்தது ஒன்றுதான் நல்லது.

"நனைச்சேன்," என்றேன்.

"பொய் சொல்லாதடா. உன் காலடியிலதான் கிடந்தேன். நீ பையை உதறினப்போ ஒரு சொட்டுத் தண்ணி என் மேல விழல. ஊசியையும் தொடல."

ஆற்றங்கரையில் அவன் பார்த்த அந்தப் பார்வை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தெரிஞ்சே ஏன்டா சும்மா இருந்த?"

அவன் கூரையைப் பார்த்தான். "செத்துடுவேன்னு நெனச்சேன். ஏழுன்னு காதுல விழுந்துச்சு. அப்படியே போயிடலாம்னு இருந்துச்சு. சாகுறவன் கிட்ட யாரு வந்து பையைக் கேக்கப்போறா?"

"சரி, அப்படியே இருக்கட்டுமே."

"இப்போதான் சாகலையே," என்றான். பிழைத்ததைப் பற்றிப் புகார் சொல்கிற மாதிரி இருந்தது அவன் குரல். "எவ்வளவு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எவ்வளவுடா?"

"ஆறு பதிமூணு."

அவன் உதடு அசைந்தது, கணக்குப் போட்டான். தலைமாட்டில் இருந்த இயந்திரம் சற்று வேகமாகக் கூவியது. பிறகு நோட்டை எடுத்து, ஊசி குத்தியிருந்த கையாலேயே, சிவப்பு 7-3ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 6-13 என்று எழுதினான். லொரேன் மூன்று டீயோடு வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

"என்ன அடிக்கிறீங்க அதுல?"

அவன் சொன்னான், ஒன்றையும் மறைக்காமல். அவள் டீயை ஜன்னலோரம் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"உயிர் பொழைச்சீங்களேன்னு நான் ரெண்டு நாளா கடவுளுக்கு நன்றி சொல்லிட்டிருக்கேன். இந்த மனுஷன் படுத்துக்கிட்டு மீன் எடையைக் குறைச்சுட்டிருக்கார்!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். சத்தம் இறங்கிவிட்டது. "அப்போ ஏற்கெனவே பிடிச்சதைவிடச் சின்ன மீன். அதுக்காகவா கம்பை விடமாட்டேன்னீங்க?"

"பிடிக்கிறப்போ எப்படித் தெரியும்?" என்றான் கிளைவ்.

லொரேன் மகளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சுவரில் சாய்ந்து அவள் அழுவது தெரிந்தது. கிளைவும் பார்த்தான். கையை நீட்டி நோட்டை மூடினான்.

டீ ஆறியது. எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நெவில்," என்றான். "அன்னைக்கு நான் கேட்டிருக்கக் கூடாதுடா. உன் பையைப் பத்தி."

ஆற்றங்கரையில்கூட நான் அப்படி அதிர்ந்து போகவில்லை. பதினோரு வருடம். ஒரு குளிர்காலம் முழுக்க எதிர்ப்பக்கத் தெருவில் நடந்திருக்கிறேன். இந்த மனிதன் வாயிலிருந்து இது வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"அப்போ அது ஆறு ஒன்னுன்னே இருக்கட்டுமா?" என்றேன்.

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், எனக்காக ஒரு வழி கிடைக்குமா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. இயந்திரம் நாலைந்து தடவை கூவும்வரை தேடினான்.

"அது முடியாதுடா," என்றான். கண் கலங்கியிருந்தது. "அது அஞ்சு பதினாலு."